பாட்டிலுக்குள் போன மல்லி

கல்யாண விருந்து முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வந்தால், வாசலில் பீடாத் தட்டு. மடித்த வெற்றிலையின் மேல் பல்குச்சியில் குத்திய செர்ரி ஒன்று, கண்ணைப் பறிக்கும் சிவப்பில். பேக்கரி கேக்கின் உச்சியில் உட்கார்ந்திருப்பதும் அதே செர்ரிதான். குழந்தைகள் முதலில் பிடுங்கித் தின்பதும் அதைத்தான்.

அதில் பெரும்பாலும் செர்ரி கிடையாது. களாக்காய்! விதையை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றியது. பன்னில் கலர் கலராகக் கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய் என்பது பலருக்குத் தெரியும். களாக்காய் ரகசியம் அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. நிஜமான செர்ரி காஷ்மீரிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் விளைவது. கோடையில் சில வாரங்கள் மட்டும் பழக்கடையில் சின்னப் பெட்டிக்குள் தலைகாட்டிவிட்டுப் போய்விடும்.

ஆக, 'செர்ரி வாசனை எப்படி இருக்கும்?' என்று மதுரைக்காரரிடம் கேட்டால் அவர் சொல்லப்போவது சர்க்கரைப் பாகின் வாசனையைத்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகத்தின் விலை உயர்ந்த செர்ரி சென்ட்டிலும் கதை ஏறக்குறைய இதேதான்.

அமெரிக்க ஃபேஷன் டிசைனர் டாம் ஃபோர்டின் பெயரில் 2018-ல் வந்தது 'லாஸ்ட் செர்ரி'. கருஞ்சிவப்புப் பாட்டில். ஆண், பெண் இருவருக்கும் பொது. வாசனைக் குடும்பம் 'அம்பர்'. கருத்த செர்ரிப் பழமும், அதில் செய்யும் இனிப்பு மதுவும்தான் அதற்குத் தூண்டுதல். யூடியூப்பில் சென்ட் விமர்சனம் செய்பவர்கள் இதைப் பற்றிப் பேசிப் பேசியே கல்லூரிப் பிள்ளைகள் வரை பெயர் பரவிவிட்டது. 50 மில்லி பாட்டிலின் விலையில் நடுத்தரக் குடும்பம் ஒன்று மாதம் முழுக்க மளிகை வாங்கிவிடலாம்.

பழ மது என்றால் என்ன? பழத்தைச் சாராயத்தில் ஊறப்போட்டு, அதன் நிறமும் மணமும் இறங்கியதும் வடிகட்டி, சர்க்கரையைத் தாராளமாகச் சேர்ப்பது. ஐரோப்பாவில் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கோப்பையில் குடிப்பார்கள். அந்தப் பக்கமே போகாதவர்களுக்கும் அதன் வாசனை முற்றிலும் புதிதில்லை. கிறிஸ்துமஸுக்கு மாதக்கணக்கில் முன்பே உலர்திராட்சையை ரம்மில் ஊறப்போட்டு வைக்கும் வீடுகள் உண்டு. பிளம் கேக் செய்யும் நாளில் அந்த ஜாடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறுமே, ஏறக்குறைய அதுதான்.

இனி செர்ரிக்கு வருவோம். ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றின் தோலில் எண்ணெய் இருக்கிறது, பிழிந்தால் வரும். செர்ரி, மாம்பழம், ஆப்பிள் போன்றவற்றிலிருந்து சென்ட்டுக்கு ஆகும்படி எண்ணெய் எடுக்க முடியாது. நீரும் சர்க்கரையும்தான் அதிகம், மணம் தரும் பொருள் துளியூண்டு. அதனால் சென்ட்டில் வரும் பழ வாசனை அனேகமாக எல்லாமே ஆய்வுக்கூடத்தில் கட்டி எழுப்பியது. செர்ரிக்கு அஸ்திவாரம் பென்சால்டிஹைடு என்ற பொருள். பெயர் பயமுறுத்தினாலும் ஆள் பழகியவர்தான். பாதாம் பாலில் இரண்டு சொட்டு விடும் பாதாம் எசன்ஸில் இருப்பது அதுவே. கசப்பு பாதாமிலும் செர்ரிக் கொட்டைக்குள்ளும் இயற்கையாகவே அது உருவாகிறது. கூடவே சயனைடும் உருவாகும் என்பதால்தான் கசப்பு பாதாமைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்கிறார்கள். சென்ட்டுக்குப் போவது விஷம் நீக்கியது அல்லது செயற்கையாகச் செய்தது.

களாக்காய்க்குச் செர்ரி என்று பெயர். பாதாம் வாசனைக்கும் செர்ரி என்று பெயர். சரி, பாட்டிலுக்குள் வேறு என்னதான் இருக்கிறது?

அந்தச் சென்ட்டுக்கு நிறுவனம் தரும் பட்டியலைப் பார்த்தால், செர்ரி, கசப்பு பாதாம் இவற்றுக்கு அடுத்து துருக்கி ரோஜா. அதோடு 'ஜாஸ்மின் சம்பக்'. சண்பகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜாஸ்மினம் சம்பக் என்பது குண்டுமல்லியின் தாவரவியல் பெயர். மதுரை மல்லி என்று 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த இனம்! அதற்கும் அடியில் சந்தனம், தேவதாரு வகை மரம், டோங்கா என்ற தென் அமெரிக்க விதை, பெரு பால்சம் என்ற பிசின், அப்புறம் வெட்டிவேர். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் 'வெட்டிவர்' என்று உச்சரிக்கும் அந்தச் சொல் தமிழிலிருந்து போனதுதான். பாரிஸில் உட்கார்ந்து சென்ட் கலப்பவரும் தினமும் ஒரு தமிழ் வார்த்தையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மல்லி, ரோஜா, சந்தனம், வெட்டிவேர். கீழச் சித்திரை வீதியில் பூஜைச் சாமான் வாங்கப் போகிறவர் கையில் இருக்கும் சீட்டு மாதிரி இல்லையா?

மல்லி பாட்டிலுக்குள் போகும் வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மதுரையைச் சுற்றி திருமங்கலம், திருப்பரங்குன்றம், உசிலம்பட்டி, திண்டுக்கல் பக்கம் நிலக்கோட்டை என்று மல்லித் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்க இறங்குகிறார்கள். பெண்கள்தான் அதிகம். விரிந்த பூ சந்தைக்கு ஆகாது. 'இன்றைக்கு மாலையில் விரியப்போகிற மொட்டு எது?' என்று இருட்டிலேயே கண்டுபிடிக்க வேண்டும். நாளைய மொட்டைப் பறித்துவிட்டால் அது விரியாது, மணக்கவும் செய்யாது. கிலோக் கணக்கில்தான் கூலி. ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான மொட்டுகள் வேண்டும் என்பதை நினைத்தால் விரல் வலிக்கும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை எப்படி ஆடும் என்பது மதுரையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மார்கழி, தைப் பனியில் செடி மொட்டு விடாது. அப்போதுதான் பொங்கலும் தை முகூர்த்தங்களும் வரும். கிலோ 2,000, 3,000 ரூபாயைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. அந்த விலை செய்தித்தாளில் வரும், டி.வி-யில் வரும். வெயில் ஏறி, செடி கொட்டோ கொட்டென்று பூக்கும் மாதங்களில், முகூர்த்தமும் இல்லாத நாளில், அதே பூ சில நூறு ரூபாய்க்கு இறங்கும். அது செய்தியாவதில்லை. தலையில் பூ வைப்பவர்களின் எண்ணிக்கை திடீரென்று கூடிவிடாது அல்லவா?

அந்த நாட்களில் பூவை வாங்க வருவது சென்ட் ஆலைகள். மலிவான காலத்தில்தான் அவர்களுக்குக் கணக்குக் கட்டும். 'ஆலை இருப்பதால்தான் குப்பையில் கொட்டாமல் பிழைத்தோம்' என்பது விவசாயியின் ஒரு பக்கம். 'விலை ஏறும்போது காணோமே' என்பது மறுபக்கம். இரண்டும் உண்மை. 2020 ஊரடங்கில் கோயிலும் கல்யாணமும் மார்க்கெட்டும் ஒன்றாக நின்றபோது, பறிக்க ஆகும் கூலிகூடத் தேறாமல் செடியிலேயே பூவை விட்டவர்கள் ஏராளம்.

ஆலைக்குள் ஒரு வேடிக்கை. காலையில் வந்த மொட்டை உடனே உபயோகிக்க மாட்டார்கள். மல்லி மொட்டுக்குள் காலையில் மணம் கிடையாது! மாலை மங்கி, இதழ் பிரிய ஆரம்பிக்கும்போதுதான் செடியை விட்டுப் பிரிந்த பூவும் மணத்தை உண்டாக்குகிறது. அதனால் மொட்டுகளைப் பரப்பி வைத்துக் காத்திருக்கிறார்கள். மதுரை வீடுகளில் ஆறு மணிக்கு மேல் சரம் விரியும் அதே நேரத்தில் ஆலைத் தரையிலும் விரிகிறது. பிறகுதான் பெரிய கொப்பரைகளில் நிரப்பி ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றுவார்கள். மல்லியின் மெல்லிய மணம் கொதிநீர் ஆவியில் கெட்டுப்போகும் என்பதால் ரோஜாவைப் போல வாலையில் வடிப்பதில்லை. கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மெழுகு மாதிரி ஒரு பொருள் மிஞ்சும். அதற்குத் தொழிலில் 'கான்கிரீட்' என்று பெயர். வீடு கட்டும் கான்கிரீட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1,000 கிலோ குண்டுமல்லிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கான்கிரீட். அதிலிருந்து மெழுகை நீக்கினால் 'அப்சல்யூட்' எனும் கெட்டியான திரவம். கடைசியில் ஒரு டன் பூவுக்கு ஒரு கிலோ தேறினால் பெரிய விஷயம். டியோர் போன்ற பிரெஞ்சு நிறுவனங்களின் சென்ட் பாட்டில்களுக்குத் தமிழ்நாட்டு மல்லி போய்ச் சேரும் வழி இதுதான். பாட்டிலின் அட்டையில் ஜாஸ்மின் என்று இருக்கும். நிலக்கோட்டை என்று இருக்காது.

ஒரு பழ சென்ட்டுக்குள் மல்லிக்கு என்ன வேலை? மல்லிக்குள்ளேயே பழம் இருக்கிறது என்பதுதான் பதில். அதன் மணத்தைப் பிரித்துப் பார்த்தால் பென்சைல் அசிடேட் என்று ஒன்று வரும். தனியாக முகர்ந்தால் வாழைப்பழமும் பேரிக்காயும் கலந்த மாதிரி இருக்கும். மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று இன்னொன்று. திராட்சை மிட்டாய், திராட்சை குளிர்பானம் எல்லாவற்றிலும் 'திராட்சை' என்று நாக்கை நம்பவைப்பது அதுதான். லினலூல் என்று மூன்றாவது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையிலும் அது உண்டு. அந்தத் திராட்சைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

நாலாவதுதான் விவகாரமான ஆள். இண்டோல். கொஞ்சமாக இருந்தால் பூ, அதிகமானால் அழுகல். மலத்திலும் இருக்கும் பொருள் அது! முகம் சுளிக்க வேண்டாம், அந்தத் துளி இல்லாவிட்டால் மல்லி வெறும் சோப்பு வாசனையாகிவிடும். முதல் நாள் சரத்தை மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் முகர நேர்ந்தவர்களுக்கு இண்டோலின் குணம் தெரியும். பழத்தின் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் அழுகல். கனிந்து நொதித்த பழ மதுவுக்கும் இதே மூன்றும்தானே வேண்டும்? மல்லி அங்கே பொருந்துவதில் அதிசயமில்லை.

அடுத்து, 'அம்பர்'. இந்தச் சொல்லைக் கேட்டதும் ஆளுக்கு ஒன்று நினைவுக்கு வரும். மரப்பிசின் மண்ணுக்குள் பல லட்சம் ஆண்டுகள் கிடந்து கல்லாகிப் போன மஞ்சள் மணியும் அம்பர். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் 'திமிங்கல உமிழ்நீர் கடத்தல்' என்று செய்தி வருகிறதே, அம்பர்கிரிஸ், அதையும் அம்பர் என்பார்கள். உமிழ்நீர் என்பதும் தப்பு. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாவது அது. வைத்திருப்பதே 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சென்ட் பாட்டிலில் 'அம்பர்' என்று இருந்தால் இந்த இரண்டும் இல்லை. அது ஒரு கலவையின் பெயர். லாப்டனம் என்ற மத்தியத் தரைக்கடல் செடியின் பிசின், வெனிலா, சாம்பிராணி. இந்த மூன்றையும் வைத்துத்தான் அந்தக் கதகதப்பான இனிப்பு வாசனையைக் கட்டுகிறார்கள்.

ஆம், சாம்பிராணிதான். தலைக்குக் குளித்த வெள்ளிக்கிழமை, தூபக்காலில் கங்கு போட்டு, கூடையைக் கவிழ்த்து, குழந்தையின் ஈர முடியைக் காயவைத்தார்களே பாட்டிமார்கள், அதே பிசின். சுமத்ரா, லாவோஸ் காடுகளில் மரத்தைக் கீறி எடுப்பது. மெல்லிதாக வெனிலா வாசனையும் அதற்கு உண்டு. லாஸ்ட் செர்ரியில் வரும் பெரு பால்சம் சாம்பிராணிக்குக் கிட்டத்தட்ட தங்கை முறை. இரண்டிலும் பென்சாயிக், சின்னமிக் அமில வகைகள்தான் மணத்துக்கு அடிப்படை. அந்தப் பெயரிலும் ஒரு பொய். பெரு பால்சம் பெருவில் விளைவதில்லை, எல் சால்வடாரில் விளைகிறது. காலனி காலத்தில் பெரு நாட்டுத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த அம்பர் குடும்பத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை வேறு பெயர். 'ஓரியன்டல்'. அதாவது கீழை நாட்டு வாசனை. கெர்லைன் நிறுவனம் 1925-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஷாலிமார்' அந்தக் குடும்பத்தின் பட்டத்து ராணி. முகலாயர் தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள். பாரிஸ்காரர்களுக்குப் பிசினும் வெனிலாவும் மசாலாவும் கலந்தால் அரண்மனை, அந்தப்புரம் என்று கனவு விரியும். கீழை நாட்டுக்காரர்களுக்கோ அது வெள்ளிக்கிழமை சாயங்காலம்! அந்தச் சொல்லில் பழைய காலனிப் பார்வை ஒட்டியிருக்கிறது என்று கேள்வி எழுந்து, வாசனைகளை வகைப்படுத்தும் மைக்கேல் எட்வர்ட்ஸின் புகழ்பெற்ற கையேடு 2021-ல் 'ஓரியன்டல்' என்பதை 'அம்பர்' என்று மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால், சாம்பிராணி என்று யாரும் வைக்கவில்லை பாருங்கள்.

கடைசியாக அந்த 'யுனிசெக்ஸ்'. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சென்ட் என்பதைப் புதுமையாக விற்றவர்கள் மேல்நாட்டவர்கள். கால்வின் கிளைனின் 'சி.கே. ஒன்' 1994-ல் வந்தபோது உலகமே பேசியது. தமிழ்நாட்டுக் கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண்பிள்ளை, 'இவர் ஆண், இவருக்கு வேண்டாம்' என்று யாரையாவது விட்டதுண்டா? சந்தனக் கிண்ணம் எல்லோருக்கும் நீளும். ஜவ்வாதும் அத்தரும் பொதுச் சொத்து. மதுரையில் பள்ளிவாசல்களை ஒட்டிய அத்தர் கடைகளில் சின்னச் சீசாவைத் திறந்து மணிக்கட்டில் தடவிக் காட்டும் பெரியவர், வாங்குபவர் ஆணா பெண்ணா என்று பார்த்து அலமாரியை மாற்றுவதில்லை.

மல்லி மட்டும் விதிவிலக்கு. மாலையாகக் கட்டினால் மாப்பிள்ளைக்கும் போடலாம், சாமிக்கும் போடலாம். சரமாகிவிட்டால் அது பெண் தலைக்கு. ஆண் மல்லிச் சரத்தோடு வந்தால் பழைய சினிமாவின் மைனர், மணிக்கட்டில் சுற்றி முகர்ந்துகொண்டே நடப்பார், வில்லன் என்று உடனே புரிந்துவிடும். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று சிவனும் நக்கீரரும் வாதாடியதாகப் புராணம் சொல்வதும் இதே மதுரையில்தான். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தால் நாகேஷின் தருமி அந்த வழக்கைத் தமிழ்நாட்டுக்கே மனப்பாடம் ஆக்கிவிட்டார். கவனித்தால், ஆண் முடியைப் பற்றி யாரும் கேள்வியே கேட்கவில்லை.

ஆனால், மணத்துக்கு இந்த வேலி தெரியாது. டியோர் 1966-ல் ஆண்களுக்கென்று வெளியிட்ட 'ஓ சவாஜ்' உலகப் புகழ் பெற்றது. அதைத் தூக்கி நிறுத்தியது ஹெடியோன் என்ற பொருள். மல்லிகை இனத்தின் மணத்தை ஆராய்ந்தபோது பிறந்தது அது. இன்று ஆண்கள் அலமாரியில் இருக்கும் எத்தனையோ சென்ட்டில் அது உண்டு. தலையில் பூ வைக்க வெட்கப்படும் ஆண், சட்டையில் மல்லிகையின் உறவுக்காரப் பொருளை அடித்துக்கொண்டு ஆபீஸ் போகிறார். யாரும் சிரிப்பதில்லை.

விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அம்பர் சென்ட் குளிர்நாட்டுக் கோட்டுக்கு மேல் அடிக்க உருவானது. மதுரை சித்திரை வெயிலில் மதியம் நாலு முறை அடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால் சக பயணிகள் சபிப்பார்கள். ஒரு முறை போதும், அதுவும் சாயங்காலத்துக்கு மேல். கடையில் காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்யாமல், கையில் அடித்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றிவிட்டு வாருங்கள். முதலில் குதிக்கும் செர்ரி அடங்கி, அடியிலிருக்கும் பிசின் அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கும். பட்டுப்புடவை மேல் நேரடியாக வேண்டாம், கறை விழும். பால்சம் வகைகள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். முழங்கைக்கு உட்புறம் தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. இறக்குமதிச் சென்ட் என்றால் அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதிவு எண் இருக்க வேண்டும். அவை இல்லாமல் பாதி விலைக்குக் கிடைத்தால், களாக்காய்க்குச் செர்ரி விலை கொடுக்கிறீர்கள்.

'அதே வாசனை, இன்ஸ்பயர்டு' என்று சொல்லி சில நூறு ரூபாய்க்கு விற்பவர்கள் வேறு வகை. பிராண்டின் பெயரையோ பாட்டிலையோ நகல் எடுத்தால் வழக்கு வரும். வாசனையை நகல் எடுப்பதைச் சட்டத்தால் பிடிப்பது கடினம். சொல்லிவிட்டுச் செய்யும்வரை அதில் பெரிய தப்பும் இல்லை. நன்றாக இருந்தால் வாங்கலாம்.

யுனிசெக்ஸ் என்ற சொல் மதுரையில் இன்னொரு இடத்தைத் தொடுகிறது. அதை எந்தச் சென்ட் விளம்பரமும் நினைத்திருக்காது. மல்லிக்கு இங்கே ஆண், பெண் என்ற பாகுபாடு மட்டும் இல்லை. பெண்ணிலும் இரண்டு. கணவனை இழந்துவிட்டால், அதுவரை தினம் வைத்த பூ அன்றோடு போயிற்று. வேலைக்குப் போகிற, படித்த பெண்கள் பலர் அதை மீறத் தொடங்கியிருக்கிறார்கள். மீறிவிட்டு முதல் முறையாகச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குள் நுழையும்போது திரும்பும் தலைகளை எண்ணியவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பொட்டுக்குக்கூட ஊர் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. பூவுக்கு அந்த அளவு இறங்கவில்லை.

அதே பெண் மணிக்கட்டில் இரண்டு சொட்டு மல்லி அத்தரோ, மல்லி கலந்த சென்ட்டோ தடவிக்கொண்டு போனால்? யாரும் எதுவும் சொல்வதில்லை. 'நல்லா இருக்கே, என்ன சென்ட்?' என்று கேட்கக்கூடச் செய்வார்கள். பூவுக்குள் இருந்தபோது தடை செய்யப்பட்ட அதே மணம், பாட்டிலுக்குள் வந்ததும் வெறும் மணமாகிவிடுகிறது. இத்தனை காலம் ஊர் பயந்தது எதற்கு என்று இங்கே ஒரு கேள்வி வருகிறது. வாசனைக்கு நிச்சயமாக இல்லை.

மீனாட்சி கோயிலைச் சுற்றிய வீதிகளில் சாயங்காலம் வரிசையாகப் பூக்காரம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். முழம் அளந்து, கிள்ளி, வாழை இலையில் வைத்துத் தரும் அந்த வரிசையில் கணவனை இழந்தவர்களும் உண்டு. பிழைப்புக்கு அதுதான் கை கொடுத்திருக்கும். வாழைநாரில் இரண்டு இரண்டு மொட்டாக வைத்து, பார்க்காமலே முடிச்சுப் போடுவார்கள். ஏழு மணிக்கு மேல் கூடையில் மிச்சமிருக்கும் மொட்டெல்லாம் விரியத் தொடங்கும். 'விரிஞ்சிருச்சு தாயி, ரெண்டு முழமா வாங்கிக்க, வெலய கொறச்சுத் தாரேன்' என்று குரல் கொடுத்து விற்பார்கள். விற்காததைச் சாமி படத்துக்கு என்று முடிந்துகொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்கள். தலையில் பூ இருக்காது. இரவு சோற்றைப் பிசையும்போதும் விரலில் மல்லி மணக்கும்.